கொல்லையும் காலனியும்: தட்டில் நின்ற தண்ணீர்

ஆடி பிறந்து விட்டது, சகோதரிகளே! விதைகளைச் சாம்பலில் பிசறி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைப்பது என் அம்மா வழி. ஆடி முதல் தேதி அந்தப் பாட்டிலை இறக்கி, முறத்தில் கொட்டி, சூம்பினது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டால்தான் எனக்கு மாதம் பிறந்த மாதிரி இருக்கும். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னது ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமா? நாலு தொட்டி வைத்திருக்கும் நமக்கும்தானே!

ஆனால் இந்தத் தடவை விதைக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதே பகுதியில் முன்பு ஒரு முறை நான் உங்களுக்குக் கொடுத்த யோசனை ஒன்று தப்பு. "தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து விடுங்கள். தரையும் கறையாகாது, செடிக்கும் ஈரம் நிற்கும்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு யாராவது தட்டு வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்து விடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருந்து பட்ட அவஸ்தையை விட இது தேவலை.

2025 ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனி நலச் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. மடிப்பாக்கம் பக்கத்தில் 42 வீடுகள் கொண்ட சின்னக் காலனி எங்களுடையது. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பூமி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். மழை வந்தால் முழங்கால் தண்ணீர், கோடை வந்தால் தண்ணீர் லாரி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தாயிற்று, 2019 பஞ்சத்தையும் பார்த்தாயிற்று. அதனால் எங்கள் சங்கத்தில் எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் கடைசியில் தண்ணீரில் போய்த்தான் முடியும்.

தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். வாடகை நாற்காலி, ஒரு பெரிய பிளாஸ்கில் காப்பி, தட்டு நிறைய மெதுவடை. 23 வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். முதல் நாலு விஷயங்கள் மளமளவென்று முடிந்தன. வரவு செலவுக் கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது. இரண்டாவது குறுக்குத் தெரு விளக்கு எரியாதது பற்றி மறுபடியும் எழுதிக் கொடுப்பது, மக்கும் குப்பை மக்காத குப்பையைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவர்களுக்குக் கடைசி எச்சரிக்கை, 2003-ல் சட்டமே போட்டு வீட்டுக்கு வீடு அமைக்கச் சொன்ன மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளை ஐப்பசிக்கு முன்னால் தூர் வாருவது, இப்படியாக.

ஐந்தாவது விஷயம் வந்தது. காரியதரிசி எழுந்து படித்தார்: "முனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் திறந்த டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பதால் கொசு உற்பத்தி ஆகிறது. 2024-ல் நம் காலனியில் டெங்கு வந்ததற்கு இதுவே காரணம். ஆகையால் வண்டியை அங்கிருந்து அகற்றச் சொல்வது."

ஆறாவது: "மாடியிலும் கைப்பிடிச் சுவரிலும் பூந்தொட்டி வைப்பதை அறவே நிறுத்துவது."

எனக்கு வடை தொண்டைக்குள் இறங்கவில்லை.

2024 ஐப்பசியில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. புருஷன், மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே பையன். அந்தப் பெண் என்னை அக்கா என்பாள், பையன் பெரியம்மா என்பான். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நெருப்பாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, கை காலெல்லாம் வலிக்கிறது என்று அழுதான். டாக்டர் பாரசிட்டமால் மட்டும் கொடுத்து, நிறைய நீராகாரம் கொடுக்கச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "அப்பாடா, இறங்கிடுச்சுக்கா" என்று ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மூன்று முறை வாந்தி. கையும் காலும் ஜில்லிட்டுப் போய், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவே சோம்பினான். எங்க வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார்.

"காய்ச்சல் விட்டதுன்னு வீட்டிலேயே இருக்காம நேரத்தோடு வந்தீங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டெங்குவில் இது ஒரு பொல்லாத குணம். காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்து கூடுகிற சமயம். விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், அளவுக்கு மீறிய அசதி, ஜில்லிட்ட கை கால் - இதில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இன்னொன்று: காய்ச்சல், உடம்பு வலி என்று ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

பையன் ஆறு நாள் சலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற பெண் ஒருத்தி, கையில் டார்ச் லைட்டோடு வந்தாள். கீழே தொட்டியை எல்லாம் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தாள். என் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாய் 11 தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் அழகாக ஒரு தட்டு. தொட்டியைச் சாய்த்து டார்ச் அடித்தாள். "இங்க பாருங்கம்மா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பளிங்கு மாதிரித் தண்ணீர். அதற்குள் நூல் நூலாய், நெளிந்து நெளிந்து மேலே வருவதும் கீழே போவதுமாக... ஒன்று இல்லை, இரண்டு இல்லை. 11 தட்டில் ஏழு தட்டில் இருந்தன.

"நான் தினம் சுத்தமாத்தானேம்மா வெச்சிருக்கேன்" என்றேன். அசட்டுத்தனமாக வேறு என்ன சொல்ல?

"சாக்கடைத் தண்ணியில இது வராதும்மா. நல்ல தண்ணியிலதான் வரும்" என்று சொல்லி, ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானமே எல்லாத் தட்டுகளையும் தேய்த்துப் பரண் மேல் போட்டேன். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கீழ் வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இளநீர் வாங்கிக் கொடுத்தேன். "உங்களை மாதிரி வீட்டுக்காரம்மா கிடைக்காதுக்கா" என்று அவள் கண் கலங்கினபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

அப்படி இருந்தவள், அன்றைக்குக் கூட்டத்தில் இஸ்திரிக்காரரின் டிரம்தான் காரணம் என்று காரியதரிசி படித்தபோதும் முதலில் வாயைத் திறக்கவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஐந்தில் நான் வாய் திறந்தால் ஆறில் என் தோட்டம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அந்த இஸ்திரிக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லையே! கேட்டுக்கு வெளியே, சலவைத் துணி மூட்டையைக் கொடுக்க வந்த அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். 2019-ல் தெருக்குழாய் வறண்டு போனபோது வாங்கின டிரம் அது. வாயில் பழைய வேட்டியை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருப்பதைத் துணி போடப் போகும்போதெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். திறந்த டிரம் என்று எழுதினவர் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

எழுந்து நின்றேன். கை நடுங்கியது. "அந்த டிரம்மை வேட்டி போட்டுக் கட்டித்தான் சார் வெச்சிருக்காங்க. போன வருஷம் புழு இருந்தது என் தொட்டித் தட்டில. மாநகராட்சிப் பொண்ணு வந்து காட்டினா. நான் யாருகிட்டயும் சொல்லலை" என்றேன்.

கார் ஷெட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கீழ் வீட்டுப் பெண் பின்வரிசையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். பிறகு பையனை இறக்கி விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

என் தட்டில் பிறந்த கொசுதான் அவனைக் கடித்தது என்று யாரும் சாதிக்க முடியாது. இல்லை என்றும் சாதிக்க முடியாது. இந்த ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் தாண்டிப் போவதில்லையாம். அப்படியானால் கணக்கு எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

ஐந்தாவது பிரேரணையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். காரியதரிசி நல்ல மனிதர்தான். "விசாரிக்காம எழுதிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, வேட்டி கிழிந்தால் கஷ்டம் என்று மூடியும் குழாயும் உள்ள டிரம் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கிக் கொடுக்க அவரே யோசனை சொன்னார். ஆறாவது விஷயத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. "தொட்டியே கூடாது" என்றார் தலைவர். மூன்றாம் நம்பர் வீட்டு மாமிதான் கேட்டார்: "தொட்டியை எடுத்துடறோம், சரி. கொல்லையில கிடக்கிற ஆட்டுக்கல்லையும் உரலையும் என்ன பண்ணப் போறேள்? மிக்ஸி வந்ததிலேர்ந்து அதெல்லாம் மழைத் தண்ணி பிடிக்கத்தானே இருக்கு! ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கே, அதை யாராவது பார்த்திருக்கேளா?"

ஒருவரும் பார்த்ததில்லை. தலைவர் வீட்டு ஃபிரிட்ஜைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தோம். தண்ணீர் இருந்தது. நல்ல வேளை, புழு இல்லை!

கடைசியில் 14 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. தொட்டி வைக்கலாம், தட்டு கூடாது, செங்கல் மேல்தான் வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தொட்டி யார் தலையிலாவது விழுந்தால்? எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வீடு அரை மணி நேரம் "தண்ணீர் கவிழ்க்கும் நேரம்".

ஏன் வாரம் ஒரு முறை? இந்தக் கொசு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஏழு நாளுக்குள் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டால் பறக்க விடாமல் பிடித்துவிடலாம். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டையைத் தண்ணீரில் போடாமல், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். நான் பரணில் போட்டு வைத்த தட்டுகளை இதைத் தெரிந்துகொண்ட அன்றே மறுபடி தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பிறகு குப்பையிலேயே போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். மேல்நிலைத் தொட்டி, கீழ்த் தொட்டி மூடிகள் இடைவெளி இல்லாமல் மூடுகின்றனவா? பறவைக்கு வைக்கும் கிண்ணம், பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட், ஆட்டுக்கல், உரல், உடைந்த வாளி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மொட்டை மாடியில் கிடக்கும் தார்ப்பாய் மடிப்பு, ஃபிரிட்ஜின் பின்தட்டு. கிணறு உள்ளவர்கள் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டால் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதைப் பற்றிச் சொல்வார்கள். இன்னொரு விஷயம், இந்தக் கொசு கடிப்பது பகலில். மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். காய்ச்சலில் படுத்திருப்பவருக்குப் பகலிலும் கட்டாயம் வலை வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் வீட்டில் மற்றவர்களுக்கும் நோயைக் கொண்டு போகிறது.

சரி, இனி தோட்டம். தட்டு இல்லாமல் எப்படி வளர்ப்பது என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் யோசித்தேன். யோசித்தால், தட்டு வைக்க வேண்டி வந்ததே நான் கண்மண் தெரியாமல் தண்ணீர் ஊற்றினதால்தான்! இப்போது செய்வது இதுதான். தொட்டியின் ஓட்டைமேல் ஓட்டுச் சில்லு ஒன்று. அதன்மேல் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பினால் அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு செம்மண், மட்கிய எரு, நன்றாக ஊறவைத்து அலசின தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு கலந்து, ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு நிரப்பவும். தண்ணீர் தெளித்து ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து பிறகு விதைக்கவும். தொட்டியைச் செங்கல் மேல் வைத்தால் அடியில் காற்றும் போகும், துடைப்பமும் போகும்.

தண்ணீர் விடுமுன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் காலை வேளையில் மெதுவாக ஊற்றி, அடி ஓட்டையில் முதல் சொட்டு வந்ததும் நிறுத்தி விடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பினால் வெயிலில் சீக்கிரம் உலராது. கூடத்துக்குள் வைத்த தொட்டிக்குத் தட்டு இல்லாமல் முடியாது என்றால், தட்டு நிறைய ஆற்று மணலை நிரப்பி அதன்மேல் தொட்டியை வையுங்கள். வழியும் நீரை மணல் குடித்துவிடும். அதையும் ஞாயிற்றுக்கிழமை அலசிக் காய வைக்க வேண்டும்.

இந்த மாதம் விதைக்க வேண்டியவை இவை.

வெண்டை: இரவே ஊறவைத்து, தொட்டிக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் ஊன்றவும். நாலைந்து நாளில் முளைக்கும். வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளி விடவும். சுமார் 45 நாளில் காய்க்க ஆரம்பிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப் போகும்.

கொத்தவரை: நேரே விதைக்கலாம். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் கொஞ்சம் போதும்.

கத்தரி, மிளகாய், தக்காளி: தனித்தட்டில் நாற்றுவிட்டுப் பிறகு பிடுங்கி நட வேண்டும். (ஓட்டை போட்ட தட்டு, சகோதரிகளே!) தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் வயது வந்ததும், வெயில் தாழ்ந்த பிறகு நடவும். குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால் இந்த மாதக் காற்றில் நிற்காது.

புடல், பீர்க்கு, பாகல்: விதைத்தோல் கெட்டி, ஓர் இரவு முழுவதும் ஊறட்டும். பெரிய தொட்டியாகப் பார்த்து ஊன்றி, கயிற்றுப் பந்தல் போடவும். முதலில் வரும் பூவெல்லாம் உதிர்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அவை ஆண் பூக்கள். பின்னால் அடியில் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் மலரும். தேனீ வராத மாடியானால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தொட்டுவிட்டால் காய் பிடிக்கும்.

சிறுகீரை, அரைக்கீரை: விதை பொடி. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் விழாது. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

வெண்டையிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாய் மாவுப்பூச்சி அப்பினால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளிக்கவும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாத் தொட்டி ஓட்டைகளையும் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். அடைத்துக்கொண்டால் தொட்டியே குட்டையாகிவிடும். வேரும் அழுகும், கொசுவும் வரும்.

கடைசியாக அவரை. இது பொறுமைக்காரர்களுக்கான கொடி. ஆடியில் ஊன்றினாலும் இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்குமே தவிர, பகல் பொழுது குறுகிப் பனி இறங்கின பிறகுதான் பூக்கும். நம் பந்தல் அவரை மார்கழி, தை மாதத்தில்தான் காய்க்கும். இதை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

கூட்டம் முடிந்த அன்று மாலை கீழ் வீட்டுப் பெண் மாடிப்படியில் நின்று கேட்டாள்: "ஏன்க்கா, ஒம்பது மாசமா ஏன் சொல்லலை?" பயமாக இருந்தது என்றேன். "எனக்கும்தான் பயமா இருந்தது. ஐ.சி.யூ. வாசல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அதன் பிறகு பேச்சு இல்லை. ஆவணி பிறந்ததும் வேறு வீடு பார்க்கப் போகிறார்களாம் என்று மாமி வந்து சொன்னார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்களே, அதுதான் காத்திருக்கிறாள் போலும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். தப்பு என் பேரில். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நான் மட்டும் மாடியில் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஞாயிறு, படியில் திபுதிபுவென்று சத்தம். பையன் டார்ச் லைட்டோடு வந்து நின்றான். "அம்மா பார்த்துட்டு வரச் சொன்னாங்க பெரியம்மா" என்று சொல்லி, ஒவ்வொரு தொட்டியாக அடியில் குனிந்து வெளிச்சம் அடித்தான். மாநகராட்சிப் பெண் கூட அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லை!" என்று கீழே பார்த்துக் கத்தினான். கீழேயிருந்து பதில் வரவில்லை.

நேற்றைக்கு முறத்தில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் துணி உலர்த்த வந்தவள், நின்று பார்த்தாள். "அது என்ன விதைக்கா?" என்றாள். பேச்சு விட்டுப் போன பிறகு முதல் வார்த்தை! அவரை என்றேன். "கீழே சமையலறை ஜன்னலண்ட ஒண்ணு போடலாமா?" என்று கேட்டாள். "போடலாம்மா. ஆனா இது தை மாசம்தான் காய்க்கும்" என்றேன், விதையைப் பார்த்துக்கொண்டே.

"காய்க்கட்டும். அவனுக்கு அவரைக்காய்ப் பொரியல்னா உசிரு" என்று சொல்லி, நாலு விதையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆடிப் பெருக்கன்று ஊன்றப் போகிறோம். தட்டு இல்லாமல், செங்கல் மேல்.

நீங்களும் உங்கள் தெருவில் பேசி, ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அடுத்த இதழில் ஆவணி மாதத்து வேலைகளோடு சந்திப்போம்.